பூட்டிய வீட்டுக்குள் கருப்பு வெள்ளை: செட்டிநாட்டு வீடுகளின் உட்புறத்தைப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆளில்லாத வீட்டின் உட்புறத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் பலவும் ஒரே அச்சில் அமைந்துவிடுகின்றன. நிழல் முழுவதும் கன்னங்கரேலென்று அடைந்து கிடக்கும், சன்னல் மட்டும் வெள்ளையாக எரியும், பார்ப்பவருக்குப் பேய்க்கதை ஒன்று நினைவுக்கு வரும். வீடு எங்கே என்று அந்தப் படத்தில் தேட வேண்டியிருக்கும். சுவரின் பூச்சு, தூணின் வேலைப்பாடு, அடுப்படிப் புகை என அங்கே வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற தடயம் எல்லாமே அந்த அடைந்த நிழலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே நிழலுக்குள் இருக்கும் விவரத்தை வெளியே கொண்டுவருவதே இந்த வகைப் படக்கலையின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு வேலைக்காகவே.

எடுத்துக்காட்டாகச் செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொள்கிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த ஊர்களில் நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தினர் கட்டிய பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையே எழுந்தவை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் செய்த வட்டித்தொழிலில் வந்த பணம் அவற்றுக்குள் தேக்காகவும் பளிங்காகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் மாறியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் போனதும், 1948-க்குப் பிறகு அங்கே நிலங்கள் அரசுடைமையானதும் அந்த வருவாயை முறித்தன. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுச் சொத்தாக நின்றதால் விற்கவும் முடியாமல், பழுதுபார்க்கவும் ஒருமனப்படாமல், பூட்டியே கிடக்கின்றன. இந்த ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றிருந்தும் பல வீடுகளின் கூரை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் படி: அனுமதி

பூட்டிக் கிடக்கும் வீடு வேறு, கைவிட்ட வீடு வேறு. பதினொரு மாதம் பூட்டியிருக்கும் ஒரு வீடு, படைப்பு என்ற முன்னோர் வழிபாட்டுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு வாரம் திறந்து, நூறு பேர் சாப்பிட்டுப் போகும் வீடாக இருக்கலாம். இடிந்து கிடக்கும் வீட்டுக்கும் உரிமையாளர்கள் உண்டு. அவர்களில் எவரும் அதைக் கைவிட்டதாக நினைப்பதில்லை. சுவரேறிக் குதித்து எடுத்த படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் அது அத்துமீறல்தான்.

நடைமுறையில், தெருவில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று விசாரித்து, அவர் மூலமாகக் குடும்பத்தில் ஒருவரிடம் தொலைபேசியில் பேசுவதே நல்ல வழி. சாவி வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இருந்தாலும் முடிவு குடும்பத்தினருடையது என்பதால், அவரைத் தனியாக வற்புறுத்திச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. எதற்காக எடுக்கிறோம், எங்கே வெளியிடுவோம், எந்த அறைகளுக்குப் போகக் கூடாது என்ற மூன்றையும் முதலிலேயே பேசி, அவர்கள் சொன்னதைக் குறுஞ்செய்தியாகத் திருப்பி அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் தெளிவு. சாமி அறையைத் தவிர்க்கச் சொன்னால் தவிர்த்துவிடுங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால், உடைந்த ஓட்டுச் சில்லும் ஆணியும் கிடக்கும் பகுதிகளுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

இரண்டாம் படி: கேமரா இல்லாமல் ஒரு சுற்று

முதல் அரைமணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்குடன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். இது பாதுகாப்புக்கும் ஒளியைப் படிப்பதற்கும் சேர்த்துச் செய்யும் வேலை.

மேல்மாடித் தளங்கள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில், மரக் கட்டைகளின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்துப் போட்டவை. கட்டை உளுத்துப்போனால் மேலே தளம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே மாடிக்கு ஏறும்முன் கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கட்டை நடுவில் தொய்ந்திருக்கிறதா, சுவருக்குள் போகும் முனையில் ஈரக்கறை இருக்கிறதா, தரையில் கறையான் மண்ணோ மரத்தூளோ உதிர்ந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த அறைக்கு மேலே கால் வைக்காதீர்கள். மரப்படியில் நடுவில் மிதிக்காமல் சுவரோரமாக ஏறுங்கள். வௌவால் எச்சம் குவிந்த அறையில் தூசியைக் கிளப்பாமல், என்-95 முகக்கவசம் அணிந்தே நுழைய வேண்டும். பின்கட்டில் செடி மூடிய கிணறு இருக்கக்கூடும். தேன்கூடு, குளவிக்கூடு, பாம்பு ஆகியவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, துணைக்கு ஒருவர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

மூன்றாம் படி: வீட்டின் அமைப்பையும் சூரியனையும் சேர்த்துப் படிப்பது

தெருவில் திண்ணையும் முகப்பும், அதற்குப் பின் பெரிய நிலைக்கதவு, அதைத் தாண்டினால் நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரமும் அவற்றை ஒட்டிய அறைகளுமாக வளவு, அதன்பின் சாப்பாட்டுக்கான இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி உள்ள கட்டு என்று வீடு ஒரே நேர்க்கோட்டில் போகும். பல வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிவதால், தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை கண் போகும். வீடுகள் பெரும்பாலும் கிழக்கு அல்லது மேற்குப் பார்த்தவை. இந்த இரண்டு செய்திகளை வைத்துக்கொண்டு ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

காரைக்குடி வட்டாரம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று, முற்றத்தின் தரையில் மட்டும் விழும். தாழ்வாரங்கள் நான்கும் தரையிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியில், கீழிருந்து மேலாக மெல்ல மங்கிப்போகும். உத்தரத்தின் அடிப்பக்கச் செதுக்கல்களை எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை. மார்கழியிலோ நண்பகல் சூரியன் உச்சிக்கு 33 பாகை தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் வடக்குத் தாழ்வாரத்துக்குள் ஏறி, தூண்களின் நிழலைச் சுவரில் சாய்வாக எழுதும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் இறுதிப் பகுதியில் சூரியன் நேர்கிழக்கில் எழுவதால், கிழக்குப் பார்த்த வீட்டில் காலை வெயில் தலைவாசல் வழியாக நேர்க்கோட்டில் உள்ளே நுழையும். அது அதிக நேரம் நிலைக்காது.

ஆனாலும் என் அனுபவத்தில் சிறந்த ஒளி வெயில் நேரடியாக விழாத நேரத்து ஒளிதான். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் முற்றமே மேலிருந்து விரித்த பெரிய மென்விளக்காக மாறி, வளவின் கடைசி மூலை வரை நிழல் படிப்படியாக இறங்கும். முதல் முறை போகிறவர்கள் மேகமூட்டமான நாளையே தேர்ந்தெடுங்கள். மழைக்குப் பின் சில நாள் கூரை இன்னும் பாரமாக இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நான்காம் படி: கருவிகள்

உறுதியான டிரைபாட் இல்லாமல் இந்த வேலை நடக்காது. தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்கள் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவதால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். ஆணிமுனைக் கால் அதைக் கீறிவிடும், ரப்பர் கால் போட்ட டிரைபாட் வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் 24 மிமீ, 50 மிமீ ஆகிய இரண்டு லென்ஸ் போதும். 16 மிமீக்குக் கீழே போனால் தூண்கள் விலகி ஓடி, வளவு ஒரு திருமண மண்டபத்தின் அளவுக்குப் பொய்யாகப் பெரிதாகும். ரிமோட் இல்லையென்றால் 2 விநாடி டைமர், ஒரு டார்ச், ஒரு சதுர மீட்டர் கருப்புத் துணி, அதே அளவு வெள்ளைத் துணி அல்லது தெர்மகோல் அட்டை, லென்ஸ் துடைக்கும் துணி இருந்தால் போதும். பிளாஷ் வேண்டாம். அது வீட்டின் சொந்த ஒளியை அழித்துவிடும்.

கேமராவில் ரா கோப்பை, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, திரைக்கு மட்டும் கருப்பு வெள்ளையாகக் காட்டும் மோனோக்ரோம் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் வண்ணம் முழுமையாக இருக்கும். பார்ப்பது மட்டும் கருப்பு வெள்ளையாக இருப்பதால், நீல வெள்ளையடிப்பின் அழகிலோ சிவப்புத் தரையின் பளபளப்பிலோ மயங்கிப் படத்தின் சட்டத்தை (காட்சியின் எல்லையை) அமைக்கும் பழக்கம் தானாகவே விட்டுப்போகும்.

ஐந்தாம் படி: சட்டம் அமைத்தல்

கேமராவின் நிலைமட்டம் துல்லியமாக இருந்தால்தான் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். கூரை வேண்டுமென்று கேமராவை அண்ணாக்கினால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். பின்னால் நகருங்கள், அல்லது செங்குத்தாகத் திருப்பி எடுத்துக் கீழே வரும் தரையை வெட்டிவிடுங்கள். உயரம் தரையிலிருந்து 100 முதல் 120 செ.மீ வரை இருக்கட்டும். இந்த வீடுகளில் வாழ்க்கை பெரும்பாலும் தரையில் அமர்ந்தே நடந்தது. நின்ற ஆளின் கண் உயரத்திலிருந்து எடுத்தால் அந்தப் பார்வை கிடைக்காது.

நேர்க்கோட்டுப் பார்வையை எல்லோரும் எடுக்கிறார்கள், நீங்களும் எடுங்கள். அதில் பின்வாசல் வெள்ளைப் பொட்டாக எரிவதுதான் பெரிய தொல்லை. அதற்கு மென்பொருளை நாடுவதைவிட, பின்வாசலின் ஒரு கதவைச் சாத்தும்படி வீட்டைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்பது எளிது. கதவுகளும் சன்னல்களும்தான் உங்கள் விளக்குகளின் கட்டுப்பாடு. துருப்பிடித்த கீலைக் கேட்காமல் அசைக்காதீர்கள், அசைத்ததைப் பழையபடி வைத்துவிடுங்கள். கிடக்கும் பொருளை மட்டும் எங்கும் நகர்த்த வேண்டாம். உடைந்த நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுவதும், தலையில்லாப் பொம்மையைக் கொண்டுவந்து வைப்பதும் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லும் பொய்.

முழு அறைக் காட்சிகளை முடித்த பிறகு சிறியவற்றுக்கு வாருங்கள். என் கணிப்பில் தொகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சுவரில் விளக்கு மாடத்தைப் பாருங்கள். எண்ணெய் பல ஆண்டு வழிந்து, மாடத்தின் அடியில் நாக்கு வடிவில் ஒரு கறை இறங்கியிருக்கும். மேல் வளைவில் சுடர் தொட்ட இடத்தில் மட்டும் புகைக்கரி கட்டியாகப் படிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல் துடைத்த தடம் ஒன்று பூச்சை மெருகேற்றியிருக்கும். நேர் எதிரிலிருந்து எடுத்தால் இவை மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். ஒளி பக்கவாட்டிலிருந்து வரும்படி முற்றத்தின் பக்கமிருக்கும் கதவைத் திறந்து, எதிர்ப்பக்கத்தில் கருப்புத் துணியைப் பிடித்தால், எண்ணெய்க் கறை மினுங்கும், கரி மங்கி நிற்கும், விரல் தடம் மெல்லிய கோடாகப் பிரியும். படங்கள் தொங்கிய இடத்தில் வெளிறி நிற்கும் சதுரங்கள், வாசற்படியில் தேய்ந்த பள்ளம், கதவு மூலையில் சாக்பீஸால் எழுதிய கணக்கு ஆகியவற்றையும் இதே பொறுமையோடு அணுக வேண்டும்.

ஆறாம் படி: வெளிச்ச அளவு

சிக்கலின் அளவு எண்களில் பார்த்தால் புரியும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-இல், முற்றத்தில் விழும் நேர் வெயிலுக்கு எஃப் 16 என்ற லென்ஸ் துளை அளவில் (எண் கூடினால் துளை சிறுக்கும்) 1/100 விநாடி சரியான அளவு. அதே நேரத்தில் உள்ளறை ஒன்றுக்கு எஃப் 8-இல் 8 விநாடி தேவைப்படலாம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 ஸ்டாப் வேறுபாடு; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. இன்றைய நல்ல முழுச்சட்டக் கேமரா 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும் என்றாலும், கடைசி ஸ்டாப்புகளில் நிழல் புள்ளிப்புள்ளியாக உடைந்திருக்கும்.

ஆகவே டிஜிட்டலில் இப்படிச் செய்யுங்கள். எஃப் 8 அல்லது எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்று வைத்துக்கொண்டு விநாடியை மட்டும் மாற்றுங்கள். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்து, விவரம் வேண்டிய மிக வெளிச்சமான இடம் எரியாத அளவுக்கு எவ்வளவு அதிக ஒளி கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுத்துவிட்டு, பின்னர் கணினியில் இருளாக்குங்கள். குறைவாக எடுத்துப் பின்னர் வெளிச்சமாக்கினால் நிழலில் புள்ளிப்புள்ளியான இரைச்சல் வரும். சட்டத்துக்குள் வெயில் திட்டு கட்டாயம் வேண்டுமென்றால், 2 ஸ்டாப் இடைவெளியில் 3 முதல் 5 படங்கள் எடுத்து, நிழலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று கையாலேயே அடுக்கி இணையுங்கள். பல படங்களைக் கேமராவோ மென்பொருளோ தானே இணைக்கும் தானியங்கி எச்டிஆர் நிழலையும் வெயிலையும் ஒரே அளவுக்குச் சமன்செய்து, ஒளி எங்கிருந்து வருகிறது என்பதையே அழித்துவிடும்.

குவியத்துக்கு, 24 மிமீ லென்ஸை எஃப் 11-இல் வைத்து 1.8 மீட்டரில் குவித்தால் ஏறத்தாழ 90 செ.மீ முதல் கடைசிக் கட்டு வரை தெளிவாக இருக்கும். மரத் தளத்தில் நிற்கிறீர்கள் என்றால் கேமராவின் திறப்பு மூடும்வரை அசையாதீர்கள். உங்கள் எடை மாறினாலே டிரைபாட் ஆடும்.

பிலிமில் எடுப்பவர்களுக்கு விதி தலைகீழ்: நிழலுக்கு அளந்து எடுத்து, வெளிச்சத்தைக் கழுவும்போது அடக்க வேண்டும். அமெரிக்கப் படக்கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த, கருப்பு முதல் வெள்ளை வரையான சாயல்களை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரிக்கும் மண்டல முறையின் சாரம் இதுதான். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக, அதாவது ஐந்தாம் மண்டலமாகக் காட்டவே கணக்குச் சொல்லும். அடுப்படியின் புகையேறிய சுவரை அளந்து மீட்டர் சொன்னபடியே எடுத்தால் கரிச்சுவர் சாம்பல் சுவராகிவிடும். அந்த அளவிலிருந்து 2 ஸ்டாப் குறைத்தால் அது மூன்றாம் மண்டலத்தில், கருப்பாகவும் அதே சமயம் பூச்சின் சொரசொரப்பு தெரியும்படியும் அமரும். பிறகு வெளிச்சம் மிஞ்சிப்போகும் என்று தோன்றினால் டெவலப்பர் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நீண்ட நேரத் திறப்பில் பிலிமின் உணர்திறன் சோர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளைப் பிலிமில், மீட்டர் 10 விநாடி சொன்னால் 20 விநாடியும், 30 விநாடி சொன்னால் ஏறத்தாழ 86 விநாடியும் கொடுக்க வேண்டும்.

இத்தனை நீண்ட திறப்புகள் புதியவை அல்ல. 1858-இல் சென்னை மாகாண அரசின் படக்கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் மதுரையைப் பதிவு செய்தபோது, சிதைந்து நின்ற திருமலை நாயக்கர் அரண்மனையையும் எடுத்தார். நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து அதைப் பழுதுபார்க்கச் செய்தது பிறகுதான். அந்தப் படங்களை இன்று பார்க்கும்போது, தூண்களின் நிழல் பக்கத்திலும் சுதை உதிர்ந்த இடம் தெளிவாகத் தெரிவதையே நான் திரும்பத் திரும்பக் கவனிக்கிறேன்.

ஏழாம் படி: வண்ணத்தைச் சாம்பலாக்குதல்

செட்டிநாட்டு வீடு நிறம் மிகுந்தது. ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராக இருந்தாலும், நேரடியாக மாற்றினால் இரண்டும் ஒரே சாம்பலாகிக் கோலமே காணாமல் போகும். லைட்ரூம் போன்ற மென்பொருளின் கருப்பு வெள்ளைக் கலவையில் சிவப்பைச் சற்று உயர்த்திப் பச்சையைத் தாழ்த்தினால் கோலம் திரும்பி வரும். தேக்குத் தூணுக்கும் இதே திசை பொருந்தும்: சிவப்பும் ஆரஞ்சும் உயர்ந்தால் மரத்தின் ரேகை வெளிச்சமாக எழும். சுவருக்கு வேறு தந்திரம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் மழைநீர் வடிந்த கறைகள் பழுப்பு மஞ்சளாக இருக்கும். மஞ்சளைத் தாழ்த்தினால் கறை ஆழமாகும், உயர்த்தினால் சுவர் சுத்தமாகத் தோன்றும். உண்மையில் கண்ணால் கண்ட அளவுக்கு எது நெருக்கமோ அதையே தேர்ந்தெடுத்து, ஒரு வீட்டின் எல்லாப் படங்களுக்கும் அதே கலவையைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரே தரை ஒரு படத்தில் கருப்பாகவும் அடுத்ததில் வெள்ளையாகவும் வரும்.

லென்ஸின் முன் பொருத்தும் போலரைசர் வடிகட்டி இந்தப் பூச்சின் மினுக்கத்தைத் துடைத்தெடுத்துவிடும். பாழடைந்த வீட்டில் அந்த மினுக்கம்தான் கொத்தனாரின் உழைப்பில் மிஞ்சிய சாட்சி. ஆகவே வடிகட்டியைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: திருத்தம், அச்சு, ஒப்படைப்பு

திருத்தத்தில் முதலில் கரும்புள்ளியை, அதாவது படத்தின் மிகக் கருத்த இடத்தின் அளவை நிறுவுங்கள். 0 (முழுக் கருப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையான அளவில் 10-க்குக் கீழே போகும் இடம் கதவிடுக்கு, கிணற்று வாய் போன்ற சிறு பகுதிகளாக மட்டும் இருக்கட்டும். பிறகு ஒளி வரும் திசையை ஒட்டி, தேவையான இடங்களை மட்டும் மெல்ல வெளிச்சமாக்கியும் இருளாக்கியும் கொள்ளுங்கள். சொரசொரப்பை எடுப்பாக்கும் கிளாரிட்டி அளவை ஏற்றிக்கொண்டே போனால் சுண்ணாம்பு கருங்கல்லாகிவிடும். திரையில் தெரியும் நிழல் விவரம் பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் அடைந்துபோகக்கூடும் என்பதால், முழு அச்சுக்கு முன் நிழல் பகுதியை மட்டும் வெட்டி ஒரு சோதனைத் துண்டு எடுத்துப் பார்ப்பது நல்லது.

வெளியிடும்முன் கோப்பிலிருந்து இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். ஊர்ப்பெயர் போதும், தெருவோ வாசற்பூட்டோ தெரிய வேண்டாம். பூட்டிய வீடுகளிலிருந்து செதுக்கிய நிலைகளும் தூண்களும் பழம்பொருளாகப் பெயர்ந்து போவது இந்த வட்டாரத்தின் தீராத வேதனை. உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்பதற்கான பட்டியலாக உங்கள் படம் மாறிவிடக் கூடாது. பெயர் பொறித்த பெட்டிகள், குடும்பப் புகைப்படங்கள் இடம்பெற்ற படங்களைக் குடும்பத்தினரிடம் காட்டிக் கேட்ட பிறகே வெளியிடுங்கள்.

கடைசியாக, எந்த அறை, எந்தப் பக்கம் பார்த்தது, எந்த மாதம், எத்தனை மணி என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதி, முழுத் தொகுப்பின் நகலையும் நான்கைந்து நல்ல அச்சுகளையும் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வண்ணக் கோப்புகளையும் சேர்த்தே கொடுங்கள். பங்காளிகள் என்றாவது ஒருமனப்பட்டுப் பழுதுபார்க்க முற்பட்டால், எந்தச் சுவர் என்ன நிறத்தில் இருந்தது என்று கொத்தனார் கேட்கும்போது காட்ட அவை பயன்படும்.